எதிராளி கடைக் கோடி

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த மொட்டைத்தலைக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"எங்கப்பாவுக்குக் கோடித்துணிய எதிராளி கடையிலதாங்க வாங்குனேன்."

"நீங்களே துணிக்கடைக்காரருதானுங்களே?"

"கடைக்குத்தான் சீல் வச்சுட்டாங்களே. பிரிஞ்சு போயி தனிக்கடை போட்ட கூட்டாளி கேஸ் போட்டிருக்கான். தீர்ப்பு வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் வித்துட்டு இந்தியாவுக்கு ஓடிருவேன்னு கோர்ட்ல சொல்லிட்டான்."

"எத வச்சுச் சொன்னான்?"

"சாகறதுக்குள்ள ராமேஸ்வரம் பாக்கணும்னு அப்பா ஆசப்பட்டாரு. கூட்டிட்டுப் போகலாம்னு, யாத்திரை போறவங்க வழக்கப்படி கடை கடையா ஏறி 'போயிட்டு வாறோம்'னு சொல்லிக்கிட்டேன். சொல்லாமப் போனா மொறையில்லன்னு அவங்கிட்டயும் சொன்னேன். அதையே சாட்சியா வச்சுட்டான்."

பஸ் ஒரு வளைவில் நின்று, எதிரே வந்த தேயிலைக் கொழுந்து லொறிக்கு வழிவிட்டது.

"ராமேஸ்வரம்?"

"எங்க போறது? தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீட்டுப் பக்கத்துலதான் பொதைச்சோம்."

"துணிக்குக் காசு வாங்குனானா?"

"வேணாம்னுட்டான். 'அவரு எனக்கும் அப்பா மாதிரி'ன்னான்."

"நீங்களும் சும்மா வாங்கிக்கிட்டீங்களா?"

"பேங்க்ல இருக்கற காசையுந்தாங்க கோர்ட் முடக்கி வச்சிருக்கு."