ரத்தம் சொட்டும் நாற்பதாம் நாள்

— எழுத்துங்கிறது செத்தவங்களுக்கு நாம உடுத்திவிடுற கடைசி உடுப்பு, ருமியானாக்கா. அதுக்கு ஒரு ஆன்மா இருக்கு.

— ஆன்மா கிடக்கட்டும் பிளாமென். என் வீட்டுக்காரர் பேர்லேருந்து ஏன் ரத்தம் வடியுது?

— எங்க வடியுது?

— இந்தா, பஸ் ஸ்டாப்புல நீ அச்சடிச்சு ஒட்டின நாற்பதாம் நாள் நோட்டீசைப் பிய்ச்சுட்டு வந்திருக்கேன், பாரு. ‘அசேன் இல்லாத நாற்பது நாட்கள்.’ ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ சொட்டுச் சொட்டா, சளி ஒழுகுற மூக்கு மாதிரி.

— கண்ணீர்னு வச்சுக்கலாமே.

— உங்க வீட்ல கண்ணீர் செவப்பாத்தான் வருமா?

— மை கொஞ்சம் தூக்கலாப் போச்சு.

— அளக்காதே. இது கடற்கரைப் பொருட்காட்சியில இருக்கிற பேய்வீட்டு போஸ்டர் எழுத்து. கறிக்கடைக்கும் இதையே போட்டே. பீட்சாக் கடைக்குப் போட்டப்ப தக்காளிச் சாறுன்னே.

— பல விதத்துல பயன்படுற எழுத்துக்கா. கலைஞன்னு ஒருத்தன்…

— கலைஞன். தூ.

— சரி, உள்ளதைச் சொல்லிடறேன். பேய்வீட்டு போஸ்டர் கம்ப்யூட்டர்ல திறந்து கிடந்துச்சு. அதுமேலயே அவர் படத்தையும் பேரையும் ஏத்திட்டேன். எழுத்தை மாத்த மறந்துட்டேன்.

— மறந்துட்டு, சர்ச் கதவு வரைக்கும் ஒட்டிட்டும் வந்துட்டே. சுகாதார இன்ஸ்பெக்டரா இருந்து ஊர்ல பாதிக் கடைக்குப் பூட்டுப் போட்ட மனுஷன்டா அவர். அடக்கத்தன்னிக்குப் பெட்டி தூக்க ஆளில்லாம பாதிரியாரே தோள் கொடுத்தார். நாளைக்கு நாற்பதுக்காவது நாலு பேர் வந்து ‘கடவுள் மன்னிக்கட்டும்’னு சொல்லிட்டுப் போவாங்கன்னு அவிச்ச கோதுமை, பீன்ஸ் சூப், ரக்கியாச் சாராயம்னு எல்லாம் வச்சிருக்கேன். இந்தக் கண்றாவியைப் பார்த்தப்புறம் எவன் வருவான்?

— அங்கதான் தப்பா நினைக்கிறீங்க. சர்ச் பக்கம் போய்ப் பாருங்க. கூட்டமா நின்னு படிக்கிறாங்க. எந்த சாவு நோட்டீசுக்குக்கா இவ்வளவு மரியாதை?

— சிரிக்கிறாங்களா?

— சிரிக்கவும்தான் செய்றாங்க. ஆனா காலையிலேருந்து போன் ஓயலை. சீக்கிரம் வந்தா முன்னாடி இடம் கிடைக்குமான்னு கேக்குறாங்க. மீன்கடை கிர்ச்சோ குடும்பத்தோட வர்றானாம்.

— அந்தக் கிர்ச்சோவா? பெட்டி போறப்ப கடையில பாட்டு வச்சானே?

— அவனேதான். பேரன் பேத்தி எல்லாரையும் கூட்டிட்டு.

— ம்… செத்தவர் மேல எத்தனை நாளைக்குத்தான் கோபத்தைச் சுமப்பான். மனசு இளகியிருக்கும்.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு. இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணையும் மாத்தாதே. இதையும் இருந்த இடத்துலயே ஒட்டிடு. நான் போய் இன்னொரு அண்டா ஏத்தறேன்.

— அக்கா, ஒரு நிமிஷம். நீங்க பிய்ச்சப்ப அடிப்பக்கம் சுவத்துலயே நின்னுபோச்சு. அதுல பேய்வீட்டு வரி ஒண்ணு அழிக்காம விட்டுப்போச்சு.

— என்ன வரி?

— ‘குழந்தைகளுக்கு அரை டிக்கெட்.’