பால் செம்பில் மிதந்த மருந்துக்குப்பி

இந்த மேடைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர், துணிக்கடை தங்கராஜு அவர்களே! அருகில் விசிறியோடு அமர்ந்திருக்கும் அவர் துணைவியார் பூரணம் அம்மாள் அவர்களே! சிராங்கூன் சாலைப் பெரியோர்களே, பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே, முன்வரிசையில் முட்டி மோதி உட்கார்ந்திருக்கும் முத்துமணிகளே! பால்காரி வீராயியின் வணக்கம்.

எழுத்துக்கூட்டத் தெரியாதவளை ஏன் மேடையேற்றினார்கள்? சிறு பிள்ளைகளின் விஞ்ஞானப் பொருட்காட்சி இனி வேண்டுமா என்று இன்று கமிட்டி கை தூக்கப் போகிறது. "அறியாப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்டவர் தலைவர். பதில் என்னிடம் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு மறுநாள், என் செம்பை வாசலில் தூக்கிப் பிடித்து இவர் கேட்டார்: "வீராயி, மாடு கறக்குதா, தெருக்குழாய் கறக்குதா?" தெருவே சிரித்தது. மறப்பேனா? அன்று இவர் போட்டிருந்தது மஞ்சள் சட்டை. இரண்டாவது பொத்தான் இல்லை! அந்தச் சொல்லால் ஒரு வீட்டில் பால் நின்றது, ஒன்பது வீட்டில் நின்றது. இவர் மட்டும் குறை சொல்லிக்கொண்டே வாங்கினார்! எங்கே போய் முறையிடுவேன்? மாடு வந்து சாட்சி சொல்லுமா?

சொன்னதே, அம்மா, சொன்னதே! போன வருடப் பொருட்காட்சியில், ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி இராஜசிங்கத்தின் மகள் மனோரஞ்சிதம், எட்டு வயதுப் பிள்ளை, ஒல்லியான மருந்துக்குப்பி ஒன்று வைத்திருந்தாள். உள்ளே தூண்டில் ஈயம், வாயில் மெழுகு. நல்ல பாலில் உயர்ந்து நிற்குமாம். தண்ணீர் கலந்தால் தாழுமாம். தலைவர் விடுவாரா? காலையில் நான் ஊற்றிய பாலை வீட்டிலிருந்து வரவழைத்தார்.

பிள்ளை தொடவில்லை. "ஆச்சி, முதல்ல மாட்டைக் கொண்டு வாங்கோ. என்ட கண்ணுக்கு முன்னால கறக்கோணும்."

பள்ளிக்கூட வாசலிலே கறந்தேன்! "இப்ப போடேலாது, ஆறட்டும். சூட்டில கணக்குப் பிழைக்கும்" என்றாள். ஆறியது, போட்டாள், பால் மட்டத்தில் குப்பிமேல் சிவப்புக் கோடு கிழித்தாள். காலையில் விற்று என் செம்பில் மிஞ்சிய பாலில் போட்டாள்: அதே கோடு! தலைவர் வீட்டுப் பாலில் போட்டாள்: கோடு முங்கியது, கூடவே தலைவர் முகமும் முங்கியது!

பூரணம் அம்மாள் எழுந்தார். "நான்தான் தண்ணி ஊத்துனேன்! இவரு சொல்லாம கொள்ளாம பத்து பேரைக் காப்பிக்கு இழுத்துட்டு வந்தா, நான் என்னதான் செய்யுறது?"

பின்வரிசை யாக்கூப் பாய், சிரித்தது போதும். உங்கள் வீட்டுச் செம்புக்கு இன்னும் முறை வரவில்லை!

என் கண்ணீரைக் கேட்காத ஊர் ஒரு குழந்தையின் குப்பியைக் கேட்டதே, ஏன்? பெரியவர் சொன்னார் என்று அவள் பணியவில்லை. பால்காரி அழுதாள் என்று இளகவில்லை. ஆறும்வரை பொறுத்தாள், பார்த்தாள், பிறகே பேசினாள். அந்தப் பொறுமையைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கலாமா? "கூடாது" என்று இன்னும் உரக்கச் சொல்லுங்கள், தலைவர் காதில் விழட்டும்!

தலைவர் அவர்களே, அன்றோடு உங்கள் வீட்டுக்குப் பாலை நிறுத்தினேன். ஒரு வருடமாக டின் பால் காப்பியாமே! உங்கள் சொல்லை மறந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பொருட்காட்சிக்கு உங்கள் கை உயரட்டும். நாளைக் காலை உங்கள் வாசலில் என் செம்பு நிற்கும். பத்துப் பேர் வந்தால் சொல்லியனுப்புங்கள் பூரணம் அம்மா, இன்னொரு செம்பு கறந்து தருகிறேன்.

அட! பூரணம் அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்குகிறாரே! யார் தூக்கினால் என்ன, தூக்கிய கை தலைவர் கை! தட்டுங்கள் பிள்ளைகளே!

கேட்ட காதுகளுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி. கறவை நேரமாகிவிட்டது, மாடு என்னைத் திட்டும். வருகிறேன், வணக்கம்.