வானமே என்று கூப்பிட்டவர்

ஹவுன்ஸ்லோ பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்துவந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“அக்கா, என்னை ஒரு மனிசி வானம் எண்டு கூப்பிட்டவ.”

“ஆரடி அது, கண் தெரியாத மனிசியோ?”

மூத்தவர் சிரித்தார். இளையவர் சிரிக்கவில்லை.

“கொலம்பியாக்காரி, என்னோடை வேலை செய்தவ. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வீட்டை வெளிக்கிடேக்கை, ‘மி சியெலோ, தியோஸ் தே பெந்திகா’ எண்டு என்ரை நெத்தியிலை சிலுவை போடுவா. கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்தப் பாக்கிறா எண்டு பயந்து நான் ஷிப்டை மாத்திப்போட்டன்.”

“பிறகு?”

“நேற்று அவவின்ரை மகளைக் கண்டன். ‘என்ரை வானமே, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்’ எண்டு அர்த்தமாம். தாய் தங்களுக்கும் அப்பிடித்தான் செய்யிறவவாம்.”

“அப்ப போய் அவவோடை கதையன்.”

“அவ தன்ரை ஊரோடை போயிட்டா, அக்கா. இப்ப வேலை முடிஞ்சால் ஆரும் நெத்தியிலை கை வைக்காமல் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாறன்.”