செருகாத ஹெட்போன்

இரவு ஏழே முக்கால் மணி. ஆஸ்திரேலியாவில் மோரீயிலிருந்து மேற்கே போகும் மண்சாலை. ஜூலைக் குளிர். நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு விளக்குக் கூடக் கிடையாது...

குடித்த கவா கிண்ணத்தை அப்படித் தள்ளி வையுங்கள். போனையெல்லாம் கவிழ்த்துப் போடுங்கள். நடுவில் யாருடையதாவது அடித்தால் நான் பாட்டுக்கு எழுந்து போய்விடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

நம் அபெனிசாவின் சித்தப்பா மகன் இனோக்கேவுக்கு நடந்தது இது. பருத்திப் பண்ணை ஒன்றில் வேலை. அறுவடை முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பம்புகளைப் பார்த்துக்கொள்ள அவனை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். தகர அறை, ஒரு கட்டில், ஒரு பிரிட்ஜ். அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு நாய்கூட இல்லை.

அன்றைக்கு அவன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இருந்தது. எட்டு மணிக்கு ஃபிஜியிலிருந்து அழைப்பு வரும். அப்பா சாகக் கிடக்கிறார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல், சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தவன் இனோக்கே. நான்கு வருடமாக அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று காலையில் கிழவரே சொல்லியிருக்கிறார்: "அவன் குரலை ஒரு தரம் கேட்டுட்டுப் போறேன்." அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

பண்ணைக் கதவைத் திறக்க இறங்கினான். ஏறினான். வண்டியை நகர்த்தினான். டயருக்கு அடியில் 'கறக்' என்றது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். போன் இல்லை.

சரி, அறையில் லேப்டாப் இருக்கிறதே. பழைய சாமான் கடையில் எடுத்தது. முந்தின இரவுகூட அதில் அலற அலறப் படம் பார்த்திருக்கிறான். ஓடிப் போய்த் திறந்தான். சரியாக எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. ஆனால் மணி அடிக்கவில்லை... அழைப்புப் படம் மட்டும் திரையில் மினுங்கியது.

எடுத்தான். திரை முழுக்க அப்பாவின் முகம். கண்ணில் பூ விழுந்து பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை.

ஒலியைக் கூட்டினான். அது ஏற்கெனவே நூறில்தான் நின்றது. அமைப்புகளுக்குள் போய்த் தேடினான். ஸ்பீக்கர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி ஹெட்போன் படம். பக்கத்தில், 'ஹெட்போன் செருகப்பட்டுள்ளது.' எதையும் செருகவில்லை. பழைய லேப்டாப்பில் இப்படி வரும், நானே பார்த்திருக்கிறேன். துளைக்குள் புழுதி சேர்ந்தால் அது ஏமாந்துபோகும். ஊதினான். பல்குச்சியால் நோண்டினான். உண்மையான ஹெட்போனைச் செருகிப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். வண்டிக்கு ஓடி, இருக்கைக்கு அடியில் கிடந்த பழைய ஹெட்போனை எடுத்து வந்து குத்தினான். முள் உள்ளே போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான். துளை காலி. மறுபடி குத்தினான். உள்ளே ஏற்கெனவே ஒன்று இருந்தால் எப்படி முட்டுமோ, அப்படி முட்டியது.

அறையில் ஈரமண் வாடை அடித்தது. அந்தப் பக்கம் மழை பெய்து மூன்று மாதம்.

போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அவன் தங்கை மிலியானா. அவர்கள் மலைக்காரர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், அங்கே வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, முகம் பார்ப்பதுமில்லை. அது மரியாதை. அவள் போனை அப்பாவுக்கு எதிரே நீட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இவன் கையை ஆட்டுகிறான், காதைக் காட்டுகிறான். யார் பார்க்கிறார்கள்? நடுவில் நின்று சேதி சொல்ல வேண்டிய அவள் புருஷன் சாகியூசா பாதிரியாரைக் கூட்டிவரப் போயிருந்தான்.

வாழ்க்கையில் முதல் முறையாகத் தங்கைக்கு நேராக ஒரு வரி தட்டினான்: 'சத்தம் கேட்கவில்லை.' தப்புதான், வேறு வழியில்லை. அவள் திரும்பவே இல்லை.

அப்போதுதான் கவனித்தான். அப்பா சிரிக்கிறார். தலையை ஆட்டுகிறார். கொஞ்சம் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்கிறார்... பிறகு பதில் சொல்கிறார். மறுபடி கேட்கிறார்.

இவன் வாயையே திறக்கவில்லை.

கத்த ஆரம்பித்தான். "அப்பா, அது நான் இல்ல. அப்பா, நான் இங்க இருக்கேன்." அப்பா ஒரு தடவை புருவத்தைச் சுருக்கினார். ஏதோ கேட்டார். பிறகு முகம் தெளிந்துவிட்டது. மறுபடி சிரிப்பு. நான்கு வருடமாக இவன் ஏங்கிக் கிடந்த சிரிப்பு அது. யாருக்கோ கிடைத்துக்கொண்டிருந்தது.

கிழவர் கையை நீட்டினார். யார் யாரோ வந்தார்கள். சட்டை மாட்டினார்கள். கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். மிலியானா போனைத் தலையணையில் வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனாள். அப்புறம் திரையில் கூரைத் தகரம் மட்டும். கொஞ்ச தூரத்தில் நிழல்கள் வாசல் பக்கம் நகர்கின்றன. இவன் தொண்டை கிழியக் கத்துகிறான். "போகாதீங்கப்பா... போகாதீங்க." பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கிறது, லேப்டாப்பின் விசிறி கிரீச்சிடுவது கேட்கிறது. அங்கிருந்து ஒரு சொல் கேட்கவில்லை.

அழைப்பு அறுந்தது. ஸ்பீக்கரில் 'டிங்' என்று ஒரு சத்தம். திரையின் மூலையில், 'ஹெட்போன் கழற்றப்பட்டது.'

உடனே திரும்பக் கூப்பிட்டான். லேப்டாப்பில் மணி கணீரென்று அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

விடியும்வரை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அபெனிசா வீட்டுக்கு வந்தான். அபெனிசாவின் போனில் சாகியூசா கிடைத்தான். எப்போதும் மச்சானைக் கிண்டல் பண்ணாமல் பேச்சைத் தொடங்காத ஆள். அன்று குரல் மெல்ல வந்தது.

"மாமா போயிட்டாரு மச்சான். ஆனா சந்தோஷமா போனாரு. நாலு வருசத்துக்கும் சேத்துப் பேசிட்டியாமே."

இனோக்கே, தான் என்ன பேசியதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டான்.

"என்னப்பா கேக்குற? வாசல்ல வந்து நிக்கிறேன், எந்திரிச்சு வாங்கன்னு நீதானே கூப்பிட்ட. மன்னிச்சிருங்கன்னு அழுதியாம். அவரும் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டாரு. பையன் வந்துட்டான், சட்டை போடுங்கன்னு ஒரே அடம். தூக்கிட்டுப் போய் வாசப்படி தாண்டுனாங்க... அவ்வளவுதான்."

சாகியூசா மேலே சொன்னான். தங்கைக்கு ஒரு மனத்தாங்கலாம், கேட்கச் சொன்னாளாம்.

"நீ பேசுறப்ப உன் பக்கத்துல ஒருத்தன் கத்திக்கிட்டே இருந்தானாமே. அப்பா, அது நான் இல்லன்னு. மாமாவுக்கே கேட்டுதாம். யாருடா அதுன்னு உன்கிட்ட கேட்டாராம்."

"நான் என்ன சொன்னேன்?"

"அவன் யாரோ குடிகாரன்ப்பா, நீங்க வாங்கன்னு சொன்னியாம்."