டாக்டரிடம் சம்மதம் கேட்டேன்

படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, சார். என்னை வேலைக்கு வைத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். டாக்டர் ஹரிகிருஷ்ணனின் மகள் ஹரிப்ரியாவும் சொன்னார்.

பக்கவாதத்தில் டாக்டருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. மகளுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த அந்த வீட்டில் அவரும் நானும்தான். அங்கே நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டு, நானே தேடிப்போய் வாங்கிய வேலை. மறைக்க ஒன்றுமில்லை.

என் தங்கை பெயர் வேண்டா. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அப்பா வைத்த பெயர். வேடந்தாங்கல் பக்கம் கட்டிக்கொடுத்தோம். இரண்டு முறை கரு கலைந்து, தொண்ணூற்றாறில்தான் ஒன்று தங்கியது. செங்கல்பட்டில் இதே டாக்டர் அப்போது நடத்திய நர்சிங் ஹோமில் சிசேரியன். வயிற்றைத் திறந்தவர், அதோடு கருக்குழாய்களையும் கட்டிவிட்டார். அவளிடமும் சொல்லவில்லை, அவள் புருஷன் ராமதாஸிடமும் சொல்லவில்லை. பிள்ளை ஒரு வாரம்கூட உயிரோடு இல்லை.

அடுத்த பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக அலைந்தாள். வேறொரு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

"இன்னாக்கா இது, என் வயித்துல இன்னா பண்ணாங்கன்னு எனக்கே தெரியாம பூட்ச்சே," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

வழக்குப் போட்டோம். நான்தான் போடவைத்தேன். சிசேரியனுக்கு ராமதாஸ் போட்ட கையெழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று அவர்கள் வக்கீல் வாதாடினார். இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது, அவள் நன்மைக்குத்தான் செய்தேன் என்றார் டாக்டர். கவனக்குறைவு என்று நிரூபிக்க இன்னொரு டாக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். ஒருவரும் வரவில்லை. தள்ளுபடி.

எங்கள் வக்கீல் கோர்ட் வாசலில் நின்று சொன்னார்: "பேஷண்ட் வெவரம் புரிஞ்சுகினு, தானா ஒத்துக்கணும்மா. அதான் சம்மதம். வெறும் கையெழுத்து இல்ல." அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

டாக்டரிடம் எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்டேன். வேண்டாவின் அக்கா என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"சார், உங்கள பொரட்டிப் படுக்க வெக்கணும். பொரட்டுனா வலிக்கும். பொரட்டலன்னா முதுகு புண்ணாயிடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. "புரியல சார்," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். தலையை ஆட்டினார். அது எதற்கான தலையாட்டல் என்று நான் எப்படி நிச்சயமாகச் சொல்வது?

முதுகு சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. பிறகு குழி விழுந்தது. ஞாயிறு காலைகளில் புண்ணைக் கட்டி, பவுடர் போட்டு, வெள்ளை விரிப்பாக மாற்றி வைப்பேன். அதற்கு மட்டும் அவரைக் கேட்கவில்லை.

"அப்பா ஏன் இப்படி அழறாரு?" என்பார் ஹரிப்ரியா.

"உங்களப் பாத்தா அப்படித்தாம்மா," என்பேன். அந்தப் பெண் நெகிழ்ந்துபோய் அவர் நெற்றியில் முத்தம் கொடுப்பார்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாமா சார்?" என்று கேட்டேன். இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். என் உள்ளங்கையை விரித்து, விரலால் 'சரி' என்று எழுதினார். கோணல்மாணலாக இருந்தது. ஆனால் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் போய்விட்டார்.

இறப்புச் சான்றிதழ் எழுத வந்த டாக்டர் உடம்பைத் திருப்பிப் பார்த்தார். அதனால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று வேண்டா ஸ்டேஷனுக்கு வந்தாள். அணுபுரத்தில் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறாள். சேலையில் ஏதோ ஒரு பிள்ளை துப்பிய பருப்புச் சோறு ஒட்டியிருந்தது.

"எனக்கோசரம் பண்ணேன்னு சொன்னியாமே. நான் கேட்டனாக்கா? நானே அத்த மறந்து, இந்தப் பசங்களோட நல்லாத்தான கீறேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை, சார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். தனக்கு எது நல்லது என்று அவளுக்கு எப்போதுமே தெரியாது.