ஆறாவது மாடி பூட்டியிருப்பதாகச் சொன்னது யார் என்பது பற்றி லிப்ட்காரர் கொடுத்த வாக்குமூலம்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை இத்துடன் இணைத்த தாளில் உள்ளன. வயது ஐம்பத்திரண்டு. நான்காம் வகுப்பு வரை படித்தேன். ஐந்தாம் வகுப்புக்கு என்னைப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தில் இருபத்து மூன்று ஆண்டுகளாக லிப்ட் ஓட்டுகிறேன். அது பழைய லிப்ட். கம்பிக்கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். அதனால் உள்ளே ஸ்டூல் போட்டு ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நான்.

ஏறுகிறவர்களை வம்புக்கு இழுப்பது என் வழக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் விசாரித்தால் தெரிந்துவிடும். தேர்வுப் பிரிவு அதிகாரி சற்றுக் கனமானவர். அவர் ஏறினால், "சார், மத்தவங்கள படியில வரச் சொல்லட்டுமா?" என்பேன். அவர், "உன் வாயக் கழட்டி கீழ வச்சிட்டு வா, வெயிட்டு சரியாயிடும்" என்பார். ஆறாவது மாடி என்று யார் கேட்டாலும் "அத பூட்டிட்டாங்களே" என்று சொல்வதும் இந்த வகைதான். அந்த மாடியில் வேலை செய்கிறவர்களிடமே தினமும் காலையில் இதைச் சொல்வேன். அவர்கள் "சாவி உன் பையிலதானே இருக்கு, திற" என்றபடியே ஏறுவார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் இதை நம்பியதில்லை.

சென்ற மாதம் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று முப்பத்தைந்துக்கு நான் கீழ்த்தளத்தில் இருந்தபோது ஒரு மாணவி வந்தாள். நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், லிப்ட்டுக்கு நேர் எதிரே சுவர்க்கடிகாரம் இருக்கிறது, நாள் முழுக்க நான் பார்ப்பது அதன் முகத்தைத்தான். மாணவியின் கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள்கள் இருந்தன. அவற்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். உறையின் ஒரு மூலை அவள் விரல்பட்டு மடங்கிப் போயிருந்தது. "ஆறாவது மாடி, மேல்முறையீட்டுப் பிரிவு" என்றாள். அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து நான் சொன்னது இது:

"அடடா, இப்பத்தானே பூட்டிட்டு இறங்கினாரு. அதோ போறாரு பாரு, நீலச் சட்டை. ஓடினாப் பிடிச்சிரலாம்."

நீலச் சட்டையில் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர் எலெக்ட்ரீஷியன். அவள் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் சிரித்தாள் என்று முதலில் சொன்னேன். எழுதுகிற அதிகாரி பேனாவை நிறுத்தி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்தது நான் மட்டும்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

"சும்மா சொன்னேம்மா, ஏறு" என்று அடுத்துச் சொல்ல இருந்தேன். அதற்குள் மூன்று பேர் ஓர் இரும்பு பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, தள்ளு தள்ளு, கை அறுந்துரும்" என்று கத்தியபடி உள்ளே நுழைத்துவிட்டார்கள். பீரோ போக மிச்சமிருந்த இடத்தில் நான் மூச்சு விடவே முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் பீரோவை இறக்கிவிட்டுத் திரும்பி வர ஆறு நிமிடம் ஆனது. அவள் அங்கே இல்லை. படியேறிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை.

அவள் கடைசி நாளில் வந்திருந்தாள் என்பதோ, நான்கு மணிக்குள் தாளைக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. அதன் பிறகு தெரிந்ததாவது: சோதனைக்கூடத்தில் அவளும் பக்கத்து மேசைக்காரியும் ஒரே தராசில் ஒரே பொடியை நிறுத்து எழுதியதால் இருவருடைய எண்களும் ஒன்றாக இருந்திருக்கின்றன. காப்பியடித்ததாகச் சொல்லி அவளை ஓராண்டுக்கு நீக்கிவிட்டார்கள். அதை எதிர்த்துத்தான் அந்தத் தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மறுபடி வந்து, படியேறிப் போய், "காலம் கடந்தது" என்ற முத்திரையோடு இறங்கியிருக்கிறாள். அன்று நான் அவளைக் கவனிக்கவில்லை.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை அவளும் மாணவர் துணை மையத்து ஆலோசகரும் ஆறாவது மாடியிலிருந்து என் லிப்ட்டில் இறங்கினார்கள். அந்த மையம் எதிர்த் தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. சிக்கலில் மாட்டிய மாணவர் பக்கம் நின்று பேசுவதே அவர்கள் வேலை. ஆலோசகரை நான் "வக்கீலம்மா" என்று கூப்பிடுவேன். "நான் வக்கீல் இல்லண்ணே, வக்கீலா இருந்தா முதல் கேஸே உங்க மேலதான்" என்பார். அன்று அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுப் பிரிவு கொடுத்த கடிதத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தார். அலுவலகம் ஐந்து மணிவரை திறந்திருந்தது, பூட்டியிருந்தது என்று மாணவி சொல்வது பொய், பொய் சொல்கிறவள் காப்பியும் அடிக்கக்கூடியவளே என்று அதில் எழுதியிருப்பதாக அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நான்காவது மாடியைத் தாண்டும்போது ஆலோசகர் கேட்டார், "நீ மேல போய்ப் பார்க்கவே இல்லையா? பூட்டியிருக்குன்னு உங்கிட்ட யாரும்மா சொன்னா?"

லிப்ட்டில் ஓர் ஓரமாகச் சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதில் அந்தப் பெண் தெரிந்தாள். அவள் என் முதுகைப் பார்த்தாள். அதன் பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்லக்கா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் போன பிறகு, ஆள் ஏறாமலே லிப்ட்டை இரண்டாவது மாடிவரை ஓட்டி, நடுவில் நிறுத்தி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். லிப்ட்டைக் கூப்பிடுகிற மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. என் வேலை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை, புதுப்பிக்கிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நாளும் காலையில் ஆறாவது மாடிக்காரர்கள் ஏறியதும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பொத்தானை அழுத்துவேன். ஒருவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

என் மனைவி தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஏழாம் நாள் அவள், "என்னங்க, ஒரு வாரமா என்னைக் கிண்டலே பண்ணல? வெளிய வேற ஆள் கிடைச்சிருச்சா?" என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "உங்க வாய் நம்மளத் தெருவுல நிறுத்தப் போகுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பொண்ணையும் சேர்த்து நிறுத்தும்னு நினைக்கல" என்றாள். அதன் பிறகு மூன்று நாள் அவளும் பேசவில்லை.

முப்பதாம் தேதி திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் துணை மையத்துக்குப் போனேன். ஆலோசகர் என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, லிப்ட் இல்லாத மாடிக்கு எல்லாம் வர்றீங்க?" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். முடித்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு இவ்வாறு சொன்னார்: "அண்ணே, நான் அந்தப் பொண்ணு பக்கத்து ஆளு. நீங்க இதைச் சொன்னா அவளுக்கு நல்லது, உங்களுக்குக் கெடுதலா முடியலாம். அதனால சொல்லுங்கன்னு நான் உங்களைத் தள்ளக் கூடாது. உங்களுக்குன்னு ஒருத்தர்கிட்டக் கேட்டுட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க." அவள் என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "அவ எங்கிட்டச் சொன்னதையும் சொல்லாததையும் நான் வெளிய சொல்றதில்ல" என்றார். எனக்காகக் கேட்க யாரும் இல்லாததால் நானே என்னைக் கேட்டு முடிவு செய்தேன்.

நான் அங்கே போன செய்தி எப்படியோ மேற்பார்வையாளருக்கு எட்டிவிட்டது. மறுநாள் என்னைத் தனியாக அழைத்து, "யாராவது கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல" என்றார். "ஞாபகம் இருக்கே சார், அதானே வியாதி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த மேல்முறையீட்டை ஏற்பதா வேண்டாமா என்று வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆறாவது மாடியில் குழு கூடி முடிவு செய்யும் என்றும், அதற்கு முன்பாக என் வாக்குமூலத்தைப் பதியும்படி, அந்தப் பெண் போட்ட வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருப்பதாகவும் எனக்குத் தெரிவித்தார்கள்.

அந்த நேரத்தில் ஆறாவது மாடி திறந்திருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும். அவள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் தபால்காரரை அங்கே இறக்கிவிட்டு வந்தேன். பூட்டியிருந்ததாக அந்தப் பெண் சொன்னது அவள் கட்டிய கதை அல்ல. அதைக் கட்டி அவள் கையில் கொடுத்தவன் நான்.

வியாழக்கிழமை குழுவின் முன் நேரில் வந்து இதையே சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன். லிப்ட் சாவியை இன்று காலை மேற்பார்வையாளர் வாங்கிக்கொண்டார். புது ஆள் இன்னும் வரவில்லை, அதுவரை லிப்ட் ஓடாது. எனக்கு முழங்கால் வலி உண்டு, ஆறு மாடியையும் இதுவரை படியில் ஏறியதில்லை. ஆகையால் ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்கிவிடுவேன். அப்படியும் என்னை அழைக்கும்போது நான் மேலே வந்து சேராவிட்டால், படிக்கட்டில் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுக்கும்படி குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த மாடியில் நின்றாலும் பதில் சொல்வேன்.

இவை என் வாயால் சொல்ல எழுதப்பட்டு, இரண்டு முறை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. இரண்டாம் முறையும் எதையும் மாற்றத் தோன்றவில்லை. மிரட்டலுக்கோ ஆசைக்கோ சொன்னதல்ல. இதில் விளையாட்டாகச் சொன்னது எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
லிப்ட்காரர்