அவளோடு படித்த நால்வர்

தனியாகப் படித்தால் தூக்கம்தான் வரும். நாலு பேரோடு சேர்ந்து படித்தால்தான் பாடம் மண்டையில் ஏறும். இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல, நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் கொள்கையும் அதுதான். எங்கள் தொலைநிலைக் கல்விப் பிரிவில் சேருகிறவர்களை ஐந்தைந்து பேராகக் குழு பிரிப்போம். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்ற நால்வரும் இணைய வகுப்பில் படித்து, குறை நிறை சொல்லி, மதிப்பெண் போட வேண்டும். சந்தேகம் கேட்கலாம். அரட்டையும் அடிக்கலாம். ஆசிரியர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். அந்தத் தளத்தைப் பராமரிப்பது என் பொறுப்பு. கணக்குத் தொடங்கித் தருவது, யாரை எந்தக் குழுவில் போடுவது, அசிங்கமாக எழுதுகிறவர்களை நீக்குவது எல்லாம் நான்தான்.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் எனக்குக் கோவையாக வராது. எழுதித் தருகிறேன் என்றேன், காகிதம் கொடுத்தீர்கள். மின்விசிறியையும் குறைத்து வைத்தீர்கள். நன்றி.

என் தங்கையை வீட்டில் சின்னு என்போம். 'என்போம்' என்று கை எழுதிவிட்டது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. தூசி ஆகாது, புகை ஆகாது, ஈரச் சுவர் ஆகாது. அப்படிப்பட்ட பெண்ணை விடுதிக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும். எங்கள் பிரிவிலேயே வரலாறு படிக்கச் சேர்த்தேன். பின்னறையில் அவள் படிப்பாள். முன்னறையில் நான் வேலை பார்ப்பேன். நடுவே ஒரு சுவர், அவ்வளவுதான்.

முதலில் அவள் குழுவில் இருந்தவர்கள் நிஜமான மாணவர்கள். அவர்கள் எழுதியதை நீங்கள் படித்ததில்லை, கொடுத்துவைத்தவர் நீங்கள். ஒருத்தி எங்கிருந்தோ முழுக் கட்டுரையைத் திருடிப் போட்டாள். எழுதியவர் பெயரை எடுக்கக்கூட மறந்திருந்தாள். ஒருத்தன் எல்லாவற்றுக்கும் கொட்டாவி விடும் பொம்மைப் படம் ஒன்றைப் பதிலாகப் போடுவான். இன்னொருத்தி தான் பாதி தின்று வைத்த தட்டைப் படம் பிடித்துப் போட்டு, 'யாருக்குப் பசிக்குது' என்று கேட்டிருந்தாள். நாலாவது ஆள் சின்னுவின் புகைப்படத்துக்குக் கீழே எழுதியதை இங்கே எழுத மாட்டேன். அடைத்துக்கொண்ட சிங்கில் வெறுங்கையை விட்டு அள்ளுவது போல இருக்கும் அவற்றைப் படிக்க. படித்து முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவுவேன். இவர்களோடு சேர்ந்து அவள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்.

அந்த நாலாவது ஆளை நீக்கினேன். அது என் வேலை, யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் குழுவுக்கு ஐந்து பேர் வேண்டும், அது விதி. ஓர் இடம் காலி. அந்த இடத்துக்கு நானே ஓர் ஆளை உண்டாக்கினேன். புதுப் பெயர், புது முகவரி, முகத்துக்குப் பதிலாக ஒரு பூந்தொட்டிப் படம். தளம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இப்படிப் போலிக் கணக்குகள் தொடங்குவது எங்களுக்குப் பழக்கம்தான்.

அன்று சாப்பிடும்போது சின்னு சொன்னாள், "புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்கக்கா. சரியான வாத்தி. கமாவுக்கெல்லாம் மார்க்கக் குறைக்கிறாங்க."

"நல்லதுதானே. அப்பதான் ஒழுங்கா எழுதுவ."

"நீ பேசுற மாதிரியே பேசுறாங்க."

அதற்குப் பிறகு ஜாக்கிரதையானேன். மற்ற மூவரையும் ஒவ்வொருவராக வேறு குழுக்களுக்கு மாற்றினேன். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் என் சாயல் துளியும் இல்லாதவர்கள். அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது சின்னுதான். படபடவென்று கேலி பேசுகிறவள் பட்டாசு. எப்போதும் தாமதமாக வந்து மண்டு மாதிரி சந்தேகம் கேட்கிறவன் தூங்குமூஞ்சி. அவனை நான் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன். மண்டுவுக்கு விளக்கும்போதுதான் விளக்குகிறவளுக்குப் பாடம் புரியும். நாலாவது ஊமை. குழுவில் வாயே திறக்க மாட்டாள், சின்னுவுக்குத் தனியாக மட்டும் எழுதுவாள்.

சின்னுவின் எழுத்து எப்படி மாறியது என்று நீங்கள் பார்க்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் நோய் கண்ட வீடுகளை வெளியிலிருந்து பூட்டிய நகரங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது.

'அடியே, உன் கட்டுரையப் படிச்சிட்டு எனக்கு சோறு இறங்கல' என்றாள் பட்டாசு.

'உனக்கு சோறு இறங்காத நாளும் இருக்கா' என்றாள் சின்னு.

'வீட்டப் பூட்டிட்டா உள்ள நல்லா இருக்கறவங்க என்ன ஆவாங்க?' இது தூங்குமூஞ்சி.

'அதத்தான்டா கட்டுரையே கேக்குது. எழுந்து முகத்தக் கழுவு.'

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள். அதே பேச்சை நான் சாப்பாட்டு மேசையில் பேசினால், "சும்மா இருக்கா" என்பாள்.

துறைத் தலைவருக்கு அந்தக் குழுவின் மேல் தனிப் பிரியம். "எல்லாக் குழுவும் இப்படி எழுதினா நமக்கெல்லாம் வேலையே இருக்காதும்மா" என்றார். பெரிய கூட்டம் ஒன்றில் அவர்களுடைய உரையாடலைத் திரையில் போட்டு, கூடிக் கற்பதற்கு இதுதான் இலக்கணம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

சின்னு ஊமைக்கு எழுத ஆரம்பித்தவை வேறு மாதிரி. பேசாதவர்களிடம்தானே மனுஷர்கள் எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள்.

'அக்கா சாப்பிடறப்ப ஒரு சத்தம் வரும் பாரு. மென்னு, நாக்க சுழட்டி, முழுங்கற சத்தம். எனக்கு குடலப் புரட்டும். அவ கைபட்ட டம்ளர கழுவிட்டுதான் தண்ணி குடிப்பேன். பாவம், எனக்காக எவ்வளவோ செஞ்சிருக்கா. ஆனா பக்கத்துல வந்தா மூச்சு முட்டுது.'

'புரியுது' என்று ஊமை பதில் எழுதினாள். ஊமை அதிகம் எழுத மாட்டாள் அல்லவா.

அன்று சாப்பாட்டில் கவனித்தேன். உண்மைதான். குழாயடிக்குப் போய், டம்ளரை இரண்டு தரம் அலசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, எனக்குத்தான் தெரியாதே. ஆனால் அன்றிலிருந்து அலமாரியில் இருந்த எல்லா டம்ளர்களின் விளிம்பையும் தினமும் ஒரு தரம் விரலால் தடவி வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவும் மென்றேன். அவள் தட்டைப் பார்த்தபடி, தாடை இறுகச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். பிறகு ஊமைக்கு எழுதுவாள். நானும் படிப்பேன். படிக்கப் படிக்க வாயில் ஏதோ கெட்டுப்போனதை வைத்துக்கொண்டிருப்பது போல இருக்கும். துப்பத்தான் மனம் வராது.

இரண்டாம் ஆண்டில் ஓர் அறிவிப்பு வந்தது. விருப்பமுள்ளவர்கள் ஒரு பருவம் வளாகத்துக்கே வந்து, விடுதியில் தங்கி நேரில் படிக்கலாம். சின்னு நாலு பேரையும் யோசனை கேட்டாள். போனால் மதிப்பெண் குறையும் என்றார் வாத்தி. தூங்குமூஞ்சி தன்னால் காலையில் எழுந்திருக்க முடியாது என்றான். பட்டாசு விடுதிக் குளியலறையை வர்ணித்தாள். வடிகாலில் சுருண்டு கிடக்கிற யார் யாருடையதோ முடி, அதில் ஒட்டியிருக்கிற சோப்புத் துண்டு, கதவுக்குப் பின்னால் கருப்பாகப் படர்ந்த பூஞ்சை. அதை நான் ரசித்தே எழுதினேன்.

'பூஞ்சை எங்க வீட்டுலயும்தான் இருக்கு' என்றாள் சின்னு. 'நான் போறேன். நீங்களும் வாங்க. உங்க நாலு பேர் மூஞ்சியயும் நேர்ல பாக்கணும். இல்ல, நீங்கல்லாம் நிஜமாவே இருக்கீங்களா?'

'இல்லடி, நான் பேய்' என்றாள் பட்டாசு. சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு.

ஊமைக்குத் தனியாக எழுதினாள்: 'அக்காகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா அழுவா. அழுது மூக்க புறங்கையில தொடச்சு, அதே கையால என் கன்னத்தத் தொடுவா. பெட்டிய ரெடி பண்ணிட்டு கடைசி நாள்ல சொல்லிக்கறேன்.'

நான் கோபப்படவில்லை. அவளுடைய மாற்று இன்ஹேலரை மட்டும் அவள் அறையிலிருந்து எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அவள் எதையும் கண்ட இடத்தில் போடுகிறவள். வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேட்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு தரமாவது என்னிடம் வந்து ஏதாவது கேட்கட்டும்.

அது ஒரு வேலை நாள் மதியம். எங்கள் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரைச் சுரண்டி வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். சன்னலைச் சாத்தியும் வாடை உள்ளே வந்தது. நான் மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிக் கதவை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நால்வராக இருக்கும்போதெல்லாம் அப்படித்தான் சொல்வேன். காதில் ஹெட்போன் மாட்டியிருப்பேன், கூப்பிட்டால் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

குழுவில் அவள் எழுதியது வந்தது.

'மூச்சு விட முடியல. பம்ப் காலி. இன்னொண்ணக் காணல. போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கு, எழுந்திருக்க முடியல. யாராச்சும் அக்காவுக்கு போன் பண்ணுங்க.' அதன் கீழே என் எண்.

இப்போது என் நிலையில் நீங்கள் இருந்து பாருங்கள். நான் எழுந்து போகலாம். போனால், எப்படித் தெரிந்தது என்று கேட்பாள். அவள் கேட்கிற ரகம். யாரோ போன் பண்ணினார்கள் என்று சொன்னால், யார் என்பாள், அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பாள், என் போனை வாங்கிப் பார்ப்பாள். அதில் எந்த அழைப்பும் இருக்காது. ஒரே நிமிடத்தில் அவளுடைய நாலு சினேகிதர்களும் செத்துப்போவார்கள். அந்த நிலையில் இருக்கிற பெண்ணுக்கு அப்படி ஓர் அதிர்ச்சியைக் கொடுக்கலாமா. வழக்கமாக நான் டீ போட எழுந்திருக்கும் நேரம் வரட்டும், தற்செயலாகப் போவது போலப் போகலாம் என்று நினைத்தேன். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அதுவரை அவளைத் தனியாக விடக் கூடாது அல்லவா. 'நிமிந்து உக்காரு, மெதுவா மூச்ச விடு' என்றார் வாத்தி. 'போன் பண்ணிட்டேன்டி, இதோ வர்றாங்க' என்றாள் பட்டாசு. 'நானும் பண்றேன்' என்றான் தூங்குமூஞ்சி.

'அக்கா வரலயே' என்று எழுதினாள். பிறகு, 'அக்காவ வரச் சொல்லுங்க.' பிறகு வெறும் 'அக்கா'.

உண்மையைச் சொல்லத்தானே காகிதம் கேட்டேன். சொல்லிவிடுகிறேன். டீ நேரம் வந்து போயிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. என் கைபட்ட டம்ளரைக் கழுவிக் குடிக்கிறவள் திரையில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரையும் அல்ல, என்னை. அதைப் படிக்க நன்றாக இருந்தது. இன்னும் ஒரு தரம் எழுதட்டும், பிறகு போகலாம் என்று இருந்தேன். சுவரில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. ஹெட்போன் மாட்டியிருக்கிறவளுக்கு அது கேட்கக் கூடாது. இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. 'இரு' என்று ஊமை எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

நான் போனபோது அவள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. வாயோரம் வழிந்திருந்ததை என் புறங்கையால் துடைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நீங்கள் விசாரித்த எதற்கும் இனி என்னிடம் வேறு பதில் கிடையாது. அவள் மூச்சு நின்றது நான் உட்கார்ந்திருந்ததால்தான்.

இரண்டு நாள் கழித்து நால்வரும் இரங்கல் எழுதினார்கள். ஊமை எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். துறைத் தலைவர் அதை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நான்கு கணக்குகளும் என் மேசையிலிருந்துதான் இயங்கின என்று நீங்கள் கண்டுபிடித்ததை நான் மறுக்கவே இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. அன்று மதியம் முழுக்க என் போனை மேசைமேல், முகம் மேலே பார்க்க, கண்ணுக்கு நேராக வைத்திருந்தேன். அடித்திருந்தால் அந்த நிமிடமே எழுந்து ஓடியிருப்பேன். அடிக்கவே இல்லை. கூடப் படித்தவர்கள், அவ்வளவு சிரித்துப் பேசியவர்கள், பண்ணிட்டேன் பண்ணிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னவர்கள். அவர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. நாலு பேரில் ஒருத்தராவது எனக்குப் போன் பண்ணியிருக்கலாம்.